அவர்களுக்கு அறுபத்து நான்கு, நமக்கு மட்டும் ஒன்றா?

ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலில் இருந்து வேளச்சேரி சாலையில் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே நடந்தால், எங்கும் பயிற்சி மையங்களின் பெயர்ப்பலகைகள்தான். அபாகஸ், ரோபோட்டிக்ஸ், கீபோர்டு, நீட், பரதநாட்டியம், இந்தி. கோடை விடுமுறையில் இவற்றுக்கு நடுவே புதிதாக ஒரு ஃபிளெக்ஸ் முளைத்தது. 'உங்கள் பிள்ளையின் ஒரே பேஷனைக் கண்டுபிடியுங்கள்.' கல்யாண மண்டபத்தில் கூட்டம், அனுமதி இலவசம். பத்தாம் வகுப்பு முடித்த தன் மகளை அண்ணன் கூட்டிக்கொண்டு போனார். பதினொன்றாம் வகுப்பில் எந்த குரூப் எடுப்பது என்று வீட்டில் சண்டை நடந்துகொண்டிருந்த நேரம் அது.

இரவு ஒன்பது மணிக்குத் திரும்பி வந்தவள் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். மேடையில் துரோணர் கதை சொன்னார்களாம். மரத்தில் ஒரு கிளி. வில்லை ஏந்திய ஒவ்வொருவனிடமும் என்ன தெரிகிறது என்று துரோணர் கேட்கிறார். ஒருவன் மரம் என்கிறான், ஒருவன் இலை என்கிறான், ஒருவன் வானம் என்கிறான். அர்ச்சுனன் மட்டும் கிளியின் கண் தெரிகிறது என்கிறான். அவன்தான் ஜெயித்தவன். கைத்தட்டல்.

"அத்தை, எனக்கு மரமும் தெரியுது, வானமும் தெரியுது, கிளியும் தெரியுது. அப்போ நான் வேஸ்டா?"

அவளுக்கு வேதியியல் பிடிக்கும். வாலிபால் ஆடுவாள். பூச்சிகளைப் படம் வரைந்து நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறாள். போனில் வீடியோ வெட்டி ஒட்டுவதில் எங்கள் தெருவே அவளிடம்தான் வரும். இதில் எது உன் உயிர் என்று மேடையில் கேட்டால் பதினைந்து வயதுப் பிள்ளை என்ன சொல்லும்?

நான் அவளிடம் சொன்னது இதுதான். அந்தக் கதையைச் சொன்னவர் பாதியோடு நிறுத்திவிட்டார். அதே துரோணரிடம் வந்த இன்னொரு மாணவனும் இருக்கிறான். கற்றுத்தர முடியாது என்று துரத்தப்பட்டவன். காட்டுக்குப் போய் மண்ணால் குருவின் சிலை செய்து, இரவு பகலாக ஒன்றை மட்டுமே பயின்றவன். வேறு எதிலும் அவன் மனம் போகவில்லை. ஒரே பேஷன் வேண்டும் என்றால் ஏகலைவனை விடவா ஓர் ஆள் கிடைப்பான்? அவனுக்குக் கிடைத்த பரிசு என்ன? கட்டை விரலை வெட்டி வாங்கிக்கொண்டார்கள்.

இதைச் சொன்னதும் அவள் சாப்பிட எழுந்துவிட்டாள். எனக்குத்தான் அன்று தூக்கம் வரவில்லை.

தோழர்களே, 'வாழ்க்கை முழுவதும் ஒன்று, அந்த ஒன்றில் கரைந்து போ' என்ற அறிவுரை அமெரிக்காவில் இருந்து வந்த புதுச்சரக்கு என்று நினைக்கிறோம். இந்த மண்ணில் அதற்கு வயது அதிகம். மனுஸ்மிருதியின் முதல் அத்தியாயம் 91ஆம் சுலோகத்தைப் பாருங்கள். சூத்திரனுக்குக் கடவுள் விதித்த தொழில் ஒன்றே ஒன்று, முகம் சுளிக்காமல் மேல் மூன்று வருணத்தாருக்கும் ஊழியம் செய்வது என்கிறது. பத்தாம் அத்தியாயம் 96ஆம் சுலோகம் இன்னும் வெளிப்படை. கீழ்ப்பிறப்பில் பிறந்தவன் ஆசைப்பட்டு மேலோரின் தொழிலைச் செய்து பிழைத்தால், அரசன் அவன் சொத்தைப் பறித்து நாடு கடத்த வேண்டுமாம். அடுத்த சுலோகம், அடுத்தவன் கடமையை நன்றாகச் செய்வதை விட உன் கடமையைக் குறையாகச் செய்வதே மேல் என்கிறது. ஆசைப்படுவதே குற்றம். இரண்டாவதாக ஒன்றில் ஆசைப்படுவது அதைவிடப் பெரிய குற்றம்.

ஆனால் இதே மரபுதான் அறுபத்து நான்கு கலைகள் என்று மார்தட்டிக்கொள்கிறது. இசை, ஓவியம், மருத்துவம், சோதிடம், வில்வித்தை, சமையல், ரத்தினப் பரீட்சை என்று பட்டியல் நீளும். 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, பாணபட்டரின் காதம்பரியைக் காட்டி இந்த அறுபத்து நான்கைப் பெருமையோடு பேசுகிறது, உயர்கல்வி பல்துறையாக இருக்க வேண்டும் என்கிறது. நல்லது. அதே ஆவணம் ஆறாம் வகுப்பில் இருந்து எட்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளைத் தச்சு, மண்பாண்டம், தோட்ட வேலை என்று உள்ளூர்க் கைவினைஞர்களிடம் பத்து நாள் அனுப்பச் சொல்கிறது. கைவேலை கற்பதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை, எல்லாப் பிள்ளைகளும் ஒரே மாதிரி கற்றால். ஆனால் எந்தப் பிள்ளைக்கு அந்தப் பத்து நாள் விளையாட்டாக முடியும், எந்தப் பிள்ளைக்கு அதுவே ஆயுளாகும் என்பது நம் ஊரில் யாருக்குத் தெரியாது? அவர்களுக்கு அறுபத்து நான்கு. நமக்கு ஒன்று.

இதைச் சொன்னால் மிகைப்படுத்துகிறோம் என்பார்கள். தமிழ்நாட்டுக்கு இது மிகையாகத் தெரியாது. 1953இல் முதலமைச்சர் ராஜாஜி தொடக்கப் பள்ளி நேரத்தை மூன்று மணி நேரமாக்கினார். மீதி நேரத்தில் பிள்ளைகள் வீட்டில் பெற்றோர் செய்யும் தொழிலைப் பழகட்டும் என்றார். நகரங்களுக்கு அல்ல, கிராமத்துப் பிள்ளைகளுக்கு. குலக்கல்வி என்று பெயர் வைத்து அதைத் தெருவுக்கு இழுத்தார்கள் பெரியாரும் திராவிடர் கழகத்தினரும். 1954 ஏப்ரலில் காமராசர் முதல்வரானார், அந்தத் திட்டம் குப்பைக்குப் போனது. அந்தப் போராட்டம் நடக்காமல் இருந்திருந்தால் இதைத் தட்டச்சு செய்யும் என் விரல்கள் எதைச் செய்துகொண்டிருக்கும் என்று எனக்குத் தெரியும். எங்கள் தாத்தா மதுராந்தகம் பக்கத்து ஊர் ஒன்றில் சாவுக்குப் பறையடித்தவர், செத்த மாட்டை இழுத்துப் போட்டவர். 'ஒரே தொழில்' என்பது எங்கள் வீட்டில் உவமை அல்ல.

2023 செப்டம்பரில் அது பி.எம். விஸ்வகர்மா என்ற பெயரில் திரும்பி வந்தது. தச்சர், கொல்லர், குயவர், சலவை, முடிதிருத்தம், செருப்பு என்று குடும்பவழித் தொழில்கள் பதினெட்டு. பதினெட்டு வயதிலேயே சேரலாம், கல்லூரி வாசலில் நிற்க வேண்டிய வயதில். குடும்பத் தொழில் என்ற நிபந்தனையை எடு, குறைந்தபட்ச வயதை முப்பத்தைந்து ஆக்கு என்று தமிழ்நாடு அரசு கேட்டது. ஒன்றிய அரசு கேட்கவில்லை. பிறகுதான் 2025இல் சாதி பார்க்காத கலைஞர் கைவினைத் திட்டம் வந்தது. அரசுத் திட்டங்களில் குலத்தொழிலைக் கண்டால் நமக்கு உடனே மூக்கு வியர்த்துவிடுகிறது. அதே சரக்கு கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு மண்டபத்து மேடையில் மைக் பிடித்தால் மட்டும் ஏன் வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுக்கிறோம்?

பதில் சொல்லியிருக்கிறார் அம்பேத்கர். 1936இல் லாகூர் ஜாத் பட் தோடக் மண்டல் கூட்டத்துக்கென்று எழுதி, கூட்டம் ரத்தானதால் தானே அச்சிட்டு வெளியிட்ட 'சாதி ஒழிப்பு' உரையை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். சாதி வேலைப் பிரிவினை மட்டுமல்ல, வேலை செய்கிறவர்களையே பிரித்து அடுக்குவது என்ற இடத்தை மேடைதோறும் சொல்கிறோம். அதற்கு அடுத்து வருவதை அவசரமாகப் புரட்டிவிடுகிறோம். தொழில் உலகம் நின்ற இடத்தில் நிற்காது, அது மாற மாற மனிதனும் தன் தொழிலை மாற்றிக்கொள்ளும் சுதந்திரம் வேண்டும், அந்த மாற்றத்தைச் சாதி தடுக்கிறது, நாட்டில் வேலையின்மைக்கே அது ஒரு நேரடிக் காரணம் என்கிறார். மனம் மாறுவதற்கான உரிமையைப் பொருளாதார உரிமையாகப் பார்த்தவர் அவர்.

அவர் வாழ்க்கையும் அப்படித்தான். 1913இல் கொலம்பியாவுக்குப் போனவர் பொருளாதாரத்தோடு சமூகவியல், வரலாறு, தத்துவம், மானிடவியல் என்று கையில் அகப்பட்ட வகுப்பில் எல்லாம் உட்கார்ந்தார். சாதியைப் பற்றிய அவருடைய முதல் கட்டுரை 1916இல் ஒரு மானிடவியல் வகுப்பில்தான் படிக்கப்பட்டது. அவர் பொருளாதார மாணவர். 'உன் பாடத்தை மட்டும் பார்' என்று யாராவது அவரை அடக்கியிருந்தால் அந்தக் கட்டுரை நமக்குக் கிடைத்திருக்குமா? ரூபாயின் சிக்கல் பற்றி லண்டனில் ஆய்வேடு, பக்கத்திலேயே சட்டம். பிறகு பத்திரிகைகள். தொழிலாளர் துறை. அரசியல் சட்டம். பாலி மொழிக்கு அகராதி. வயதான காலத்தில் வயலின் கற்றுக்கொண்டார். நாம் சிலை வைக்கும்போது மட்டும் கையில் ஒரே ஒரு புத்தகத்தைக் கொடுத்துவிடுகிறோம்.

எங்கள் பகுதிக்கே வருகிறேன். ராஜகீழ்ப்பாக்கத்தில் இருந்து பஸ் ஏறினால் சிறிது நேரத்தில் தாம்பரம் சானடோரியம். அங்கே தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது, 2005இல் திறக்கப்பட்டது. அதன் மருத்துவமனைக்கு அயோத்திதாச பண்டிதர் பெயர். என் அம்மாவின் மூட்டுவலிக்காக மாதம் ஒருமுறை அங்கே போகிறேன். வரிசையில் நிற்கிறவர்களிடம் பண்டிதர் யார் என்று கேட்டுப் பாருங்கள். பழைய காலத்துச் சித்த வைத்தியர் என்பார்கள். தவறில்லை. ஆனால் அந்த மனிதர் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்குகிறவரா?

1845இல் பிறந்த காத்தவராயன். தன் ஆசிரியரின் பெயரைத் தன் பெயராக எடுத்துக்கொண்டவர். அவருடைய பாட்டனார் கந்தப்பன் ஹாரிங்டன் என்ற ஆங்கிலேயரின் வீட்டில் வேலைக்கு இருந்தவர். அந்தக் கந்தப்பன் வீட்டில்தான் திருக்குறள் ஓலைச்சுவடி இருந்தது, அதை எல்லீஸ் துரையிடம் சேர்த்ததும் அவர்தான் என்று பண்டிதரே எழுதியிருக்கிறார். துரை வீட்டு வேலைக்காரனுக்குச் சுவடி எதற்கு என்று கேட்கிற ஊரில், பேரன் கிளம்பினார். சித்த மருத்துவம் பார்த்தார். நீலகிரியில் அத்வைதானந்த சபை நடத்தினார். பிறகு அத்வைதத்தையே தூக்கி எறிந்துவிட்டு 1898இல் இலங்கை சென்று பௌத்தம் தழுவினார். சென்னையில் சாக்கிய பௌத்த சங்கம். 1907இல் ஒரு பைசா விலையில் ஒரு வார இதழ், பெயரே 'ஒரு பைசாத் தமிழன்'. அதில் அரசியல், வரலாறு, சொற்களின் வேர், குறளுக்கு உரை, மருத்துவக் குறிப்பு, பௌத்தம் எல்லாம் ஒரே ஆளின் பேனாவில் இருந்து வாரா வாரம் வந்தன. 1914இல் அவர் சாகும் வரை.

அவரோடு இருந்தவர்களையும் பாருங்கள். அறிவியல் பேராசிரியரான லட்சுமி நரசு பௌத்தத்தைப் பற்றியும் சாதியைப் பற்றியும் நூல் எழுதுகிறார். மீனவக் குடும்பத்தில் பிறந்த சிங்காரவேலர் வழக்கறிஞராகி, பௌத்தராகி, 1923இல் சென்னையில் மே தினம் கொண்டாடி, 'குடி அரசு' இதழில் அறிவியல் கட்டுரை எழுதுகிறார். 'உனக்கு எதற்கு இது' என்ற கேள்வியை மூவருமே காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

பண்டிதரிடம் இந்த அகலம் இல்லாமல் இருந்தால் என்ன குறைந்திருக்கும்? எல்லாம். சாதிக்கு எதிராக அவர் வைத்த வாதம் எந்த ஒரு துறைக்குள்ளும் இல்லை. ஒரு சொல்லின் பொருளை மருத்துவத்தில் தேடி, சுவடியில் சரிபார்த்து, வரலாற்றில் பொருத்தி, பத்திரிகையில் சண்டையாக மாற்றுகிறார். அவருடைய முடிவுகள் பலவற்றோடு எனக்கு உடன்பாடில்லை. சொல்லாராய்ச்சியில் சில நேரம் வளைத்துவிடுகிறார் என்றே நினைக்கிறேன். ஆனால் நம்மைப் பற்றி அடுத்தவன் எழுதியதை எல்லாப் பக்கமிருந்தும் திருப்பி எழுத ஒரே துறை போதாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அதற்கு விலையும் கொடுத்தார். இலக்கியக்காரர்கள் அவரை மருத்துவர் என்றார்கள், அரசியல்காரர்கள் மதவாதி என்றார்கள், எந்தத் துறையும் தன் ஆளாகச் சேர்த்துக்கொள்ளவில்லை. அவர் எழுத்துகள் ஞான. அலாய்சியஸ் முயற்சியில் தொகுப்பாக வந்தது 1999இல்தான்.

பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான் என்ற பழமொழியை என் முகத்துக்கு நேராகச் சொன்ன பேராசிரியர் ஒருவர் உண்டு. முனைவர் பட்ட நேர்காணல் அது. எந்தப் பல்கலைக்கழகம் என்பது இங்கே தேவையில்லை. நான் இளங்கலையில் தாவரவியல், முதுகலையில் வரலாறு, நடுவில் இரண்டு வருடம் ஒரு பத்திரிகையில் பிழைதிருத்தும் வேலை. என் தன்விவரக் குறிப்பைப் புரட்டியவர், "என்னம்மா, சந்தைக்கடை மாதிரி இருக்கு" என்றார். தென்சென்னைப் புறநகர் ஏரிகளைப் பற்றி ஆராய வேண்டும் என்றேன். பக்கத்தில் இருந்தவர் மிகவும் அன்பாக, இன்றுவரை அந்த அன்பை என்னால் மன்னிக்க முடியவில்லை, "ஏரி எதுக்கு? உங்க சமூகத்தைப் பத்திப் பண்ணுங்களேன். உங்களுக்கு அது இயல்பா வரும்" என்றார்.

இயல்பாக வரும்! என் தாத்தாவிடம் ஊர்க்காரர்கள் பறையைப் பற்றிச் சொன்னதும் அதேதான். ஒடுக்கப்பட்ட வீட்டில் இருந்து வரும் மாணவருக்கு ஆய்வுலகம் ஒதுக்கி வைத்திருக்கும் புதிய குலத்தொழில் இது. உன் வலியை நீ எழுது. நட்சத்திரத்தை, நாணயத்தை, நதியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். சாதியைப் பற்றி ஆராயும் தோழர்களைக் குறை சொல்லவில்லை. அது விரும்பி எடுத்ததாக இருக்க வேண்டும், பிறப்புச் சான்றிதழோடு சேர்த்துக் கொடுக்கப்பட்டதாக இருக்கக் கூடாது.

நான் ஏரியைத்தான் எடுத்தேன். வேடிக்கை என்னவென்றால், ஏரிக்குள் போனால் சாதி அங்கே மதகு மேல் உட்கார்ந்திருக்கிறது. மடை திறந்து வயலுக்கு வயல் தண்ணீர் பாய்ச்சிய நீர்க்கட்டிகள் பல ஊர்களில் ஒடுக்கப்பட்ட சாதியினர். தண்ணீரைப் பங்கிட அவர்கள் கை வேண்டும், அந்தத் தண்ணீரில் அவர்களுக்குப் பங்கு கிடையாது. செம்பாக்கம் ஏரி நிரம்பினால் தண்ணீர் எந்த வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்புக்குப் போகும் என்று நான் வரைபடம் போடக் கற்றுக்கொண்டேன். கரையில் நிற்கும் கோரையும் ஆகாயத்தாமரையும் எதைச் சொல்கின்றன என்று பார்க்கத் தாவரவியல் உதவியது. பழைய நிலப் பதிவேடு படிக்க வரலாறு உதவியது. அச்சுப்பிழை பார்த்த கண் பதிவேட்டில் பெயர் மாற்றி எழுதியிருப்பதைப் பிடித்தது. சந்தைக்கடைதான். சந்தையில்தான் எல்லாம் கிடைக்கும்.

ஆதிக்கச் சாதி வீட்டுப் பிள்ளை பொறியியல் படித்து, கிரிக்கெட் எழுதி, கச்சேரி விமர்சனம் செய்து, பங்குச் சந்தையில் விளையாடினால் பல்துறை வித்தகர். நம் வீட்டுப் பிள்ளை அதில் பாதி செய்தால் கவனச் சிதறல்.

நமக்குள்ளேயே வரும் எதிர்க்கேள்விக்கு வருகிறேன். அது மண்டபத்துப் பேச்சாளரின் கேள்வியை விடக் கனமானது. என் அப்பாவே கேட்டார். "நமக்கெல்லாம் ஒரு தடவைதான் கதவு தொறக்கும். அதுல ஒண்ணப் புடிச்சுக்கிட்டு உள்ள போயிடணும். வேடிக்கை பாத்துக்கிட்டு நின்னா சாத்திடுவான்." அப்பா ஊரை விட்டுத் தாம்பரம் வந்தவர். சென்ட்ரிங், பெயின்டிங், வாட்ச்மேன், டெம்போ, கடைசியில் வயரிங். ஐந்தாறு வேலை பார்த்த அவரை யாரும் வித்தகர் என்று சொல்லவில்லை. இன்று வேளச்சேரி சாலையில் காலையில் உணவு டெலிவரி, மதியம் கூரியர், இரவு கால் டாக்ஸி என்று ஓடும் பட்டதாரியையும் யாரும் அப்படிச் சொல்லப்போவதில்லை. வயிற்றுக்காகப் பல வேலைக்கு அலைய வைப்பதும், பிறப்புக்காக ஒரே வேலையில் கட்டிப்போடுவதும் ஒரே கை செய்யும் காரியம்தான். அந்த அலைச்சலைச் சுதந்திரம் என்று விற்கும் கம்பெனிகளுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை.

அப்பா சொல்வதில் நியாயம் இருக்கிறது. உதவித்தொகைக்கு வயது வரம்பு இருக்கிறது, ஆய்வேட்டுக்குக் கெடு இருக்கிறது, வீட்டில் கடன் இருக்கிறது. பிழைப்புக்கு ஒன்றை உறுதியாகப் பிடி என்றால் பிடிக்கத்தான் வேண்டும். நானும் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறேன், இந்த வருடம் ஆய்வேடு கொடுத்தாக வேண்டும். நான் மறுப்பது அதற்குப் பிறகு வரும் வரியை. பிழைப்புக்குப் பிடித்த அந்த ஒன்றையே உன் உயிர், உன் பிறவிப் பயன் என்று நினை, மற்றதை எல்லாம் வெட்டி எறி என்று சொல்லும் வரியை. அப்பாவே அப்படி வாழவில்லையே. வயரிங் வேலை முடித்து வந்து, பழைய ரேடியோவைப் பிரித்துப் போட்டு, பிபிசி தமிழோசையைப் பிடித்துக் கேட்டவர் அவர். எந்தத் தொகுதியில் எந்தத் தேர்தலில் யார் ஜெயித்தார் என்று இப்போதும் சொல்வார். அதற்கு அவருக்கு யாரும் சம்பளம் தரவில்லை. அந்த இரவு நேரங்களில்தான் அவர் யாருக்கும் கூலியாக இல்லை.

எங்களுக்குள் பெரிய சண்டை பறையால் வந்தது. கல்லூரியில் தோழர்களோடு சேர்ந்து நான் பறை பழகினேன். கேள்விப்பட்ட அப்பா இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. "எதை விட்டு ஓடி வந்தேனோ அதைத் தோள்ல மாட்டிக்கிட்டு வர்றியே." அவர் கோபம் எனக்குப் புரிந்தது. ஆனால் சாவு வீட்டு வாசலில் அடித்தே ஆக வேண்டும் என்று நின்றவர் தாத்தா. வேண்டாம் என்று வைத்துவிட உரிமை உள்ள கையால் நான் எடுத்தேன். அதை அவருக்கு விளக்க எனக்கு ஒரு வருடம் ஆனது. அதற்குள் ஒரு கலைவிழாவில் மைக் பிடித்தவர், "பறை இவங்க ரத்தத்திலேயே ஊறினது" என்று என்னை அறிமுகப்படுத்தினார். ரத்தத்தில் ஒன்றும் இல்லை ஐயா. எட்டு மாதம் விரல் கொப்பளித்துக் கற்றது. தாவரவியல் என் ரத்தத்தில் ஊறியது என்று ஏன் ஒருவரும் சொல்வதில்லை?

ரோகித் வெமுலாவை நினைக்காமல் இதை எழுத முடியவில்லை. ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் உயிரறிவியலில் ஆய்வுக்குச் சேர்ந்து, பிறகு சமூக அறிவியலுக்கு மாறியவர். கார்ல் சாகனைப் போல அறிவியல் எழுத்தாளராக ஆசைப்பட்டவர். அம்பேத்கர் மாணவர் சங்கத்தில் போராடியவர். 2016 ஜனவரி 17 அன்று விட்டுச் சென்ற கடிதத்தில், மனிதனின் மதிப்பை அவனுடைய உடனடி அடையாளமாகவும் கைக்கெட்டும் சாத்தியமாகவும் சுருக்கிவிட்டார்கள் என்று எழுதினார். நாம் அந்தக் கடிதத்தை அடையாளம் பற்றிய கடிதமாகப் படித்தோம். அதில் நட்சத்திரங்களும் இருந்தன. நட்சத்திரத்தையும் போராட்டத்தையும் ஒரே மனதில் வைத்திருந்த ஒருவரை, செத்த பிறகும் ஒற்றைச் சொல்லாக நாமே சுருக்கிவிட்டோமோ என்ற குற்றவுணர்வு எனக்கு உண்டு.

இயக்கத்திலும் இந்த நோய் இருக்கிறது. கவிதை எழுதுகிற தோழர் கணக்குப் பேசினால் சிரிக்கிறோம். வாசிப்பு வட்டத்தில் இரண்டு வருடமாகச் சாதியைப் பற்றித் தவிர ஒரு புத்தகம் எடுக்கவில்லை. பறவை பார்க்கப் போகிறேன் என்று சொல்லும் தம்பியைக் குட்டி முதலாளி ஆக்கிவிட்டோம். ஒரு பைசாவுக்கு இவ்வளவையும் அச்சடித்த மனிதரின் பேரப்பிள்ளைகள் என்று சொல்லிக்கொள்கிறவர்கள் நாம்.

அண்ணன் மகள் இப்போது உயிரியல் குரூப்பில் சேர்ந்திருக்கிறாள். பள்ளியில் ஒரு படிவம் கொடுத்தார்கள். 'எதிர்கால இலட்சியம்' என்று ஒரு கட்டம், பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'ஒன்று மட்டும்'. இவள் பொடிப்பொடி எழுத்தில் நான்கு எழுதிக் கொடுத்தாள். கட்டத்துக்கு வெளியே போய்விட்டது என்று படிவம் திரும்பி வந்தது. வேறு படிவம் வாங்கி வந்து மேசை மேல் வைத்திருக்கிறாள். நாளை கொடுக்க வேண்டும். நேற்று இரவு எட்டிப் பார்த்தேன், ஸ்கேல் வைத்துக் கட்டத்தைப் பெரிதாக்கிக் கோடு போட்டுக்கொண்டிருந்தாள்.